காதுக்காரியும் மூன்று ஜோடி ஸ்பீக்கரும்

காதுக்காரி என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய அக்காதான், அதுவும் எரிச்சலில். அக்காவுக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் வேலை. ஒருநாள் தங்கையைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போகும்போது, "வலது பக்கம் பின் டயர்ல கல்லு மாட்டியிருக்கு" என்றாள் தங்கை. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கை விடவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், மிளகு அளவில் ஒரு கல் டயரின் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. "உன்னோட பெரிய இம்சைடி, காதுக்காரி" என்று அக்கா அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எறிந்தாள். கல் போய்விட்டது, பட்டம் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுருட்டும் வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல மேஜைக்கு முன்னால் நகர்ந்து, கடைசியில் வீட்டின் உள்ளறையிலேயே சொந்தமாக மிக்ஸிங் செய்ய ஆரம்பித்தாள். கல்யாணம், காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாததால் அந்த அறையைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரவில்லை. உறவுக்காரர்களுக்குத்தான் அவள் பிழைப்பு கடைசிவரை புரிபடவே இல்லை.

"பாடறது நீயா?"

"இல்லை."

"வாசிக்கறது?"

"அதுவும் வேற ஆளுங்க."

"அப்ப நீ என்னதான் பண்றே?"

"அவங்க ஒருத்தர ஒருத்தர் மிதிக்காம பாத்துக்கறேன்."

இதைவிடச் சரியாக அந்தத் தொழிலைச் சொல்ல முடியாது. குரலும் கிட்டாரும் வயலினும் மேளமும் தனித்தனியாகப் பதிவாகி அவளிடம் வரும். எது எவ்வளவு சத்தம், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எது முன்னால், எது பின்னால் என்று பிரித்து நிற்கவைத்து, கேட்கிறவனுக்கு எல்லாரும் ஒரே அறையில் வாசித்ததுபோல ஆக்கித் தருவது அவள் வேலை. திரையில் அளவு காட்டும் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அவள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். "கண்ணால மிக்ஸ் பண்றதுக்கு நான் என்ன பெயின்டரா?" என்பாள். கொஞ்சம் திமிர்தான். ஆனால் அந்தத் திமிருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது அவள் காது.

அந்தக் காதுக்குத்தான் ஆபத்து வந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவன் இசையமைப்பாளன். அவளைவிட வயதில் சின்னவன், தங்கமான பையன், அவளுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அவனிடமிருந்துதான். ஒரு புதுப் பாடகியின் முதல் ஆல்பம் அவன் கையில் இருந்தது. முதல் இரண்டு பாட்டையும் காதுக்காரி முடித்துக் கொடுத்துவிட்டாள். அவன் போனில் சுற்றி வளைத்தான். வீட்டில் எல்லாரும் சுகமா என்றான், வெயில் அதிகம் என்றான்.

"விஷயத்துக்கு வாடா" என்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பாட்டுமே இடது பக்கமா சாயுது."

"எங்க கேட்டே?"

"கார்ல."

"கார்ல நீ ஒரு ஓரமா உக்காந்திருக்கே. சாயாம என்ன பண்ணும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் பின் சீட்டுக்குப் போயி நட்டநடுவுல உக்காந்து கேட்டேன்கா. பாடகியும் அதேதான் சொல்றாங்க. மூணாவது பாட்டும் இப்படியே வந்தா மிச்சத்தையெல்லாம் வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்னு…" வாக்கியத்தை முடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

போனை வைத்துவிட்டு அவள் தன் ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். மேஜையின் இரண்டு மூலையிலும் அவை பல வருஷமாக நிற்கின்றன. முதல் பாட்டைப் போட்டுக் கேட்டாள். நேராகத்தான் இருந்தது. பிறகு, எந்தப் பாட்டும் வேண்டாம் என்று, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும் வெறும் இரைச்சலைப் போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் மெலிந்து கேட்டது! அதனால்தான் இத்தனை நாளும் அவள் கை தன்னையறியாமல் இடது பக்கத்தை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறது. இங்கே நேராக நிற்பது வெளியே போனதும் சாய்கிறது.

இடது ஸ்பீக்கரின் மேல்வட்டத்தில் ஒரு சொட்டை இருந்தது. அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விரலால் அமுக்கியது. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டதில் காதுக்காரிக்கு என்ன நிம்மதி! ஸ்பீக்கர் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் கடைக்காரரைத் தொழிலில் எல்லாரும் வால்யூம்காரர் என்பார்கள். எந்த ஜோடியை விற்க நினைக்கிறாரோ அதை மட்டும் மற்றவற்றைவிட அரைக்கால் பங்கு கூடுதல் சத்தமாக வைப்பார். சத்தமாகக் கேட்பது எதுவும் மனுஷக் காதுக்கு நல்லதாகத்தான் படும். வந்தவர்கள் அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். காதுக்காரியிடம் இந்த ஜம்பம் பலிக்காது. கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"உங்ககிட்ட வியாபாரம் பண்றதுக்குள்ள எனக்குத் தலைமுடி கொட்டிடும்" என்றார் அவர்.

"அது முன்னாடியே கொட்டிடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி என் ரூம்ல வெச்சுக் கேக்கணும். சரிப்படலைன்னா திருப்பிக் குடுப்பேன்."

"எடுத்துட்டுப் போங்க. பெட்டி மட்டும் கிழியக் கூடாது."

முதல் ஜோடி வந்தது. கறுப்பாக, பளபளவென்று, பார்க்கவே மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டைப் போட்டாள். பாடகியின் குரல் தேனாக ஒழுகியது. மேளம் பஞ்சில் விழுந்தது. அறை முழுக்க எல்லாமே அழகாக இருந்ததில் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பாடகி ஒரு இடத்தில் மூச்சு வாங்கும்போது தொண்டை கரகரக்கும். அது அவளுக்குத் தெரியும். இந்த ஸ்பீக்கர் அதை மூடி மறைத்துவிட்டது. வீட்டு ஹாலில் கேட்க இது நல்லது. மிக்ஸிங்குக்கு, முகத்துக்கு முன்னால் புகழ்ந்து பேசுகிற நண்பன் எதற்கு? அதோடு, இடது பக்கம் இதிலும் மெலிவாகத்தான் கேட்டது.

இரண்டாவது ஜோடி உருவத்தில் பெரியது. மேஜை தாங்குமா என்று பார்த்துத்தான் வைக்கவேண்டியிருந்தது. மேளம் அடித்தால் மேஜையில் இருந்த பேனா நகர்ந்தது. வயலின்கள் எல்லாம் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப்போல எங்கோ அழுதுகொண்டிருந்தன. இதில் மிக்ஸ் செய்தால் மேளத்தைப் பயந்து பயந்து குறைக்கவேண்டிவரும். வெளியே கேட்கிறவனுக்கு மேளமே இருக்காது. இதிலும் இடது பக்கம் மெலிவு.

மூன்றாவது ஜோடிக்கு அழகும் இல்லை, உருவமும் இல்லை. "இது மாமியார் மாதிரி. குத்தத்த மட்டும்தான் எடுத்துச் சொல்லும்" என்று சொல்லித்தான் வால்யூம்காரர் கொடுத்தார்.

"எனக்கு மாமியார் இல்லாத குறை இதோட தீந்துதுன்னு வெச்சுக்கறேன்" என்று வாங்கிவந்தாள்.

மாமியார் வாயைத் திறந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டைக் கரகரப்பு கேட்டது. கிட்டார்க்காரர் கம்பியில் விரலை இழுக்கும் கீச்சு கேட்டது. மூன்றாவது அடியில் அவளே அவசரத்தில் செய்துவைத்திருந்த ஒரு வெட்டு ஒட்டு, தையல் பிரிந்ததுபோலத் தெரிந்தது. மேளம் இருக்கிற அளவுக்கு இருந்தது. இத்தனை வருஷம் மிக்ஸ் செய்த அறையில் புதிதாக யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனால், இடது பக்கம்?

மெலிவு.

அவள் கடைக்குப் போன் செய்தாள். "இதுலயும் லெஃப்ட் ஸ்பீக்கர் வீக்கா இருக்குங்க."

வால்யூம்காரர், தொழிலில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஏம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணு கம்பெனிக்காரனும் பேசி வெச்சுக்கிட்டா லெஃப்டை மட்டும் வீக்கா செய்வான்?"

அவள் போனை வைத்துவிட்டாள். இடதையும் வலதையும் இடம் மாற்றி வைத்தாள், ஒயரை மாற்றிச் சொருகினாள். மாமியாரின் வலது கை இடப்பக்கம் வந்தும் மெலிவு அதே இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அக்கா வந்திருந்தாள். அறை முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ரேடியோ மாத்தற வம்சம்டி நம்மளது."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். காதுக்காரிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அப்பாவுக்கு இதே வயதில்தான், காரணம் தெரியாமல், இடது காது போனது. அதை ஒத்துக்கொள்ளாமல் அவர் ஒரே வருஷத்தில் ரேடியோ மேல் ரேடியோவாக மாற்றினார். எதுவுமே முன்போல இல்லை, இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒழுங்காக ரேடியோ செய்யத் தெரியவில்லை என்று கடைக்காரர்களிடம் மல்லுக்கு நின்றார். கடைசியில் ஒருநாள் வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரை, அம்மா காப்பி வேண்டுமா என்று பக்கத்தில் நின்று கேட்டாள். பலமுறை கேட்டாள். வலது காது தலையணையில் புதைந்திருந்தது. காப்பியை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷர் அசையாமல் படுத்திருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

"காது டாக்டரப் போய்ப் பாரேன்" என்றாள் அக்கா, இப்போது சிரிக்காமல்.

"முதல்ல ஸ்பீக்கர் ஒண்ணு அமையட்டும்" என்றாள் இவள்.

உண்மையில் டாக்டர்கூட வேண்டியதில்லை. ஹெட்போன் சுவரில் ஆணியில் தொங்கியது. மாட்டிப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். அதனாலேயே அவள் மாட்டவில்லை. பஞ்சு உரிந்துவிட்டது, புதுப் பஞ்சு போட்டுத்தான் மாட்டவேண்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். இசையமைப்பாளன் போன் செய்த நாளிலிருந்து வலது பக்கம் திரும்பிப் படுப்பதையும் விட்டிருந்தாள். யாராவது கூப்பிட்டுக் கேட்காமல் போய்விட்டால்? காது போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? கேபிள் சுருட்டப் போகலாம். பேரை மாற்றிக்கொள்ளலாம்.

மாமியாரையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். பாட்டை ஓடவிட்டுவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முதலில் மாப்பிள்ளை ஜோடியின் பெட்டிக்குள் தெர்மாகோலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி கிழியக் கூடாதே. தெர்மாகோல் ஒரு மூலையில் உடைந்திருந்தது. அதைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

இப்போது மெலிவாக இருந்தது வலது பக்கம்.

தலையைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. சந்தேகமே இல்லை, வலது காதுப் பக்கம்தான். மெதுவாகத் திரும்பி ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்தாள்: இடது. மறுபடி முதுகைக் காட்டினாள்: வலது. குறை அவளிடத்தில் இருந்திருந்தால் அது அவளோடு சேர்ந்து திரும்பியிருக்க வேண்டும் இல்லையா? அது திரும்பவில்லை. அது இந்த அறையில் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. எழுந்து ஓடிப்போய் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். உரிந்த பஞ்சு கன்னத்தில் குத்தியது. இடதும் வலதும் தராசு பிடித்ததுபோல இருந்தன. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தெர்மாகோல் துகள் பட்டதாக வைத்துக்கொண்டாள்.

பயம் போனதும் அவளுக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அப்படியானால் எது? இடது பக்கம் என்ன இருக்கிறது? இரைச்சலைப் போட்டுவிட்டு அறையை ஒரு திருடனைத் தேடுவதுபோல் தேடினாள். நடந்துகொண்டே கேட்டாள், குனிந்து கேட்டாள், சுவரோரம் காதை வைத்துக் கேட்டாள். நாற்காலியில் ஏறிக்கூட நின்று பார்த்தாள். இடது சுவரின் நடுப்பகுதிக்கு வந்தபோது சத்தம் காலடியில் நழுவி வெளியே நடந்துபோவது தெரிந்தது. நிமிர்ந்தாள்.

கதவு. அகலத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் ஹாலில் கட்டிலும், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியும், நாற்காலியில் அப்பாவும்.

வலது பக்கம் சுவர் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தில் ஒரு பங்கு அதில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. இடது பக்கச் சத்தம் கதவு வழியாக ஹாலுக்குப் போய்விட்டது. இவ்வளவுதான் சங்கதி. ஒலி தெரிந்த எவரும் முதலில் சந்தேகப்படவேண்டியது அறையைத்தான். முன்பெல்லாம் அந்தக் கதவைச் சாத்தித் தாழ்போட்டு, மேலே கனமான பஞ்சுப் போர்வையையும் தொங்கவிட்டுத்தான் வேலை செய்வாள். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு, இங்கே வந்து சேர்ந்த பிறகு கதவைத் திறந்தே வைத்தாள். அவருக்குக் குரல் அடங்கிப்போயிருந்தது. கூப்பிட்டால் காதில் விழவேண்டும். கதவு திறந்து கிடப்பதை அதன்பிறகு அவள் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் பார்த்தபோதெல்லாம் அப்பாவைத்தான் பார்த்தாள். பாடகியின் பாட்டுகள் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும், "எப்படிப்பா இருக்கு?" என்று அவள் ஹாலைப் பார்த்துக் கேட்பாள். "பிரமாதம்" என்பார். ஒற்றைக் காதுக்காரரிடம் இடது வலது சரியா என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள்!

கதவைச் சாத்திப் பார்த்தாள். மெலிவு மாயமாக மறைந்தது.

விஷயத்தைக் கேட்ட அக்கா மறுநாளே ஒரு அழைப்பு மணி வாங்கிவந்தாள். அப்பா கையில் ஒரு பொத்தான். அமுக்கினால் அறைக்குள் விளக்கு எரிந்து மணி அடிக்கும். அக்கா அதை டிரைவிங் கற்றுக்கொடுப்பதுபோலவே கற்றுக்கொடுத்தாள்.

"தாகம் எடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"அமுக்குவேன்."

"எழுந்திருக்கணும்னா?"

"அமுக்குவேன். ஏம்மா, லைசென்ஸ் குடுப்பியா இதுக்கு?"

காதுக்காரி கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாவது பாட்டில் இறங்கினாள். மாமியார் குற்றம் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திருத்தினாள். வெட்டு ஒட்டைத் தைத்தாள். வயலின்களை அவற்றின் இடத்தில் உட்காரவைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு வேலை கைக்குள் வந்த சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை. மணி அடிக்கவில்லை. விளக்கும் எரியவில்லை. ஒருமுறைகூட இல்லை என்பது உறைத்தபோது அவளுக்குத் திக்கென்றது. தண்ணீர்கூடவா வேண்டியிருக்காது? பாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கதவை இழுத்தாள்.

கதவோடு சேர்ந்து அப்பாவும் வந்தார். ஒரு கையால் ஊன்றுகோலையும் மறுகையால் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டு, வலது காதைக் கதவில் வைத்து நின்றிருக்கிறார். அவள் மட்டும் ஒரு எட்டு தள்ளி நின்றிருந்தால் குப்புற விழுந்திருப்பார். பிடித்துக்கொண்டாள். அவர் கால் வெடவெடவென்று நடுங்கியது. துணையில்லாமல் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கால் அது.

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்!" என்று கத்திவிட்டாள். "மணி எதுக்கு வாங்கிக் குடுத்தது? அமுக்க வேண்டியதுதானே?"

"அமுக்கினா நீ எழுந்து வருவே."

"வரத்தானே செய்வேன்!"

"நீ வந்தா பாட்டு நின்னுடும்மா" என்றார் அப்பா.

அவரைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, திட்டு விழுமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சமாதானம் சொல்வதுபோல, "கதவைத் திறந்து வெச்சிருந்தே இல்ல, இங்க நல்லாக் கேக்கும். ஒரே வரிய நீ திருப்பித் திருப்பிப் போடுவே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்துவே. என்ன மாத்தினேன்னு கண்டுபிடிக்கப் பாப்பேன். அதான் எனக்குப் பொழுதுபோக்கு" என்றார்.

"கண்டுபிடிப்பீங்களா?"

"எங்க! எப்பவாவது ஒண்ணு."

அவர் கூப்பிட்டால் தனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவள் கதவைத் திறந்து வைத்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு மனுஷர் இத்தனை மாதமாக உட்கார்ந்து அவள் வேலையைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. டயரில் மாட்டிய கல் கேட்ட காதுக்கு இது கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

கதவைச் சாத்தவும் முடியாது, திறக்கவும் முடியாது. வாசலில் நின்று யோசித்தாள். இடது சுவரின் நட்டநடுவில் கதவு. கதவு இடப்பக்கம் இருப்பதுதானே தொல்லை? அதை நகர்த்த முடியாது. தன்னை நகர்த்திக்கொள்ள என்ன தடை?

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா வந்தாள். இரண்டு பேருமாக மேஜையைக் கதவுக்கு எதிரே திருப்பினார்கள். "லெஃப்ட்ல ஒடி, ஒடி… போதும், நேர் பண்ணு… ஏய், கண்ணாடி பாத்து ரிவர்ஸ் எடுடி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் மேஜை கதவைப் பார்த்து நின்றது. உள்ளே வரவும் போகவும் ஓரமாக ஒரு சந்து. அவசரத்துக்கு ஓடிவர முடிகிறதா என்று அக்கா தங்கையைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்துத்தான் திருப்தியானாள். ஜன்னல் இருந்த பக்கச் சுவரில் ஏற்கெனவே கனத்த திரை இருந்தது. எதிர்ப்பக்கச் சுவரிலும் சத்தம் அதே அளவில் திரும்பட்டும் என்று, கதவிலிருந்து கழற்றிய பஞ்சுப் போர்வையை மாட்டினார்கள். இப்போது இடது பக்கம் ஒரு சுவர், வலது பக்கம் ஒரு சுவர், கதவு நடுவில்.

மேஜையின் இரண்டு மூலையிலும் மாமியாரை உட்காரவைத்தாள். மாப்பிள்ளையும் குண்டனும் பெட்டி கிழியாமல் கடைக்குத் திரும்பிப் போனார்கள். "அப்ப இந்த ஜோடியில லெஃப்ட் வீக் இல்லையா?" என்று வால்யூம்காரர் கேட்டார். "வீக்கா இருந்தது நான்தான்" என்றாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தெர்மாகோல் மூலை உடைந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பழைய ஜோடியைத் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். சொட்டை விழுந்த பாவத்துக்கு அது சுமக்காத பழி இல்லை.

இடம் மாறிய பின் முதல் தடவை பாட்டைப் போட்டபோது கதவுக்கு அப்பாலிருந்து முறையீடு வந்தது. "என்னம்மா இது, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பாடுது?"

"உங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது, கேக்குது."

"அப்ப சும்மா இருங்க."

வயலின்கள் இடது பக்கம் நின்றன, கிட்டார் வலது பக்கம். பாடகியின் குரல் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு ஸ்பீக்கருக்கும் மத்தியில் வந்து நின்றது. அந்த இடத்தில், நிலைக்குள், நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வலது காதை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ கண்டுபிடிக்கப் பார்க்கும் முகத்தோடு இருந்தார். இத்தனை நாள் அவர் அப்படித் திரும்பி உட்காருவதைப் பார்த்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சலிப்பாக இருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

பாட்டை அனுப்பிய மறுநாள் முற்பகலில் இசையமைப்பாளன் போன் செய்தான். இந்தத் தடவை வெயிலைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா, கார்ல முன் சீட்டு, பின் சீட்டு, எல்லாத்துலயும் உக்காந்து பாத்துட்டேன். நேரா நிக்குது. பாடகி நாலாவது பாட்டை அனுப்பச் சொல்லிட்டாங்க. முதல் ரெண்டையும் நீங்களே சரி பண்ணிக் குடுக்கணுமாம்."

"டிக்கியில படுத்துக் கேட்டியா?"

"இல்லைக்கா."

"சோம்பேறி" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

"நேரா நிக்குதாம்பா."

"நேரான்னா?"

"நட்டநடுவுல. நீங்க உக்காந்திருக்கற இடத்துல."

அப்பா தன் நாற்காலியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். "அந்த மூணாவது வரிய மட்டும் நேத்து கொஞ்சம் ஏத்தினே. அது தெரிஞ்சுது."

ஏற்றித்தான் இருந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேலையைத் தொடங்குமுன் சிறிது நேரம் கண்ணயரலாம் என்று அறைத் தரையில் பாயை விரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வலது பக்கம் திரும்பிப் படுத்தாள். வலது காது தலையணையில் புதைந்தது. இடது காது மேலே இருந்தது. ஹாலில் அப்பா அந்தப் பாட்டை சுருதி சேராமல், இடம் தப்பித் தப்பி முனகிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து விடாமல் அவளுக்குக் கேட்டது.